இரண்டு கயிற்றில் வைத்த மூலை

பினாயில் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. வெறும் பினாயில் என்றால்கூடப் பரவாயில்லை; அதனோடு நனைந்த தேங்காய் நார்க் கயிற்றின் புளித்த வாடையும், மழை ஓய்ந்த பின் செங்கல் சூளைக் குழிகளிலிருந்து கிளம்பும் அழுகல் வாடையும் சேர்ந்துகொண்டால், நான் எந்த ஊரில் எவர் வீட்டு அடுக்களையில் நின்றாலும் என் கால்கள் பிரிக்பீல்ட்ஸின் பின்சந்தில் போய் நின்றுவிடும். இளமைக்காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மல்லிகையையும் பலகாரத்தையும் எழுதுகிறார்கள். நான் படித்திருக்கிறேன். படித்து முடித்ததும் எனக்குக் கைகழுவத் தோன்றும். என் இளமைக்காலத்துக்கு வாசனை ஒன்றுதான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

வெள்ளைக்காரன் ஆட்சி நிலையாக இருந்த காலம் அது. ஜப்பான்காரன் பெயரை யாரும் எடுக்காத காலம். சூளைகளுக்கு மண் வெட்டி எடுத்த குழிகளெல்லாம் பச்சைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்க, அவற்றின் கரையில் யாருடையவோ பன்றிகள் புரள, அவற்றுக்கு மேலே மேட்டு நிலத்தில் கிராணிமார் குடும்பங்கள் இருந்த வீட்டு வரிசைகள் இருந்தன. ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர்களை எங்கள் பக்கத்தில் கிராணி என்றுதான் சொல்வோம். அவர்கள் வீட்டு வாசல் இருந்த தெருவுக்குப் பெயர் உண்டு, விளக்குக் கம்பம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, "பின்சந்து" என்றால் போதும். கக்கூஸ் வரிசைகளின் பின்பக்கம் அந்தச் சந்தைப் பார்த்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் கீழே தகர மூடி போட்ட ஒரு பொந்து, பொந்துக்குள் வாளி. விடிவதற்கு முன் அந்த வாளிகளை இழுத்து, கொட்டி, கழுவி, பினாயில் தெளித்துத் திரும்ப வைக்கிறவர் என் அப்பா முனியன். சந்து முடிகிற இடத்தில் குழிக்கரையை ஒட்டி ஒரு லைன் இருந்தது. அதன் கடைசி அறையில் அப்பாவும் அம்மாவும் நானும், பிறகு தம்பியும் இருந்தோம். அறை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அறையும் போகும். இதை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. மழை பெய்தால் நனைவோம் என்று எப்படித் தெரிந்ததோ அப்படியே இதுவும் தெரிந்திருந்தது.

கிராணி வீட்டுப் பிள்ளைகள் பின்சந்தில் கால் வைக்க மாட்டார்கள். பந்து விழுந்தால் மேட்டில் நின்றபடியே, "ஏய் வாளி, பந்தைத் தூக்கிப் போடு" என்பார்கள். போட்டால் அதைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்துக் கழுவுவார்கள். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அழகு இப்போதும் கண்ணில் இருக்கிறது. வாளியில் இருந்தது யாருடையது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஒரு தடவை கேட்டும் விட்டேன். அதற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இந்தக் கதைக்கு முழம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். ஆனால் யார் கை என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பாசாரில் பூ வாங்கப் போனால் அம்மா, கடையில் உட்கார்ந்திருக்கும் குள்ளக் கிழவியை விட்டுவிட்டு அவள் மகன் வரும்வரை காத்திருப்பாள். "நெட்டக் கையி அளந்தாத்தான் கொண்டைக்குக் காணும்" என்பாள். கிழவிக்கு அது தெரியும். "ஏண்டி, எங் கை என்ன பாதியிலயா முறிஞ்சி கெடக்கு?" என்று திட்டுவாள். ஆக ஒரு முழம் என்றால் எல்லாருக்கும் ஒரே நீளம் அல்ல என்பது பூ வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்.

கட்டட வேலைக்கு வரும் மேஸ்திரிக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும். மேஸ்திரி என்று நான் சொல்வது அந்தப் பக்கத்து வேலைகளையெல்லாம் கண்டிராக்டருக்காகச் செய்துகொண்டிருந்த ஒரு கொத்தனாரை. நெடிய ஆள், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. கோயில் மதில் வேலையும் அவர் கையில்தான் இருந்தது, அதனால் அவருக்குக் கொஞ்சம் சாமிக்களையும் சேர்ந்திருந்தது. மரத்தால் செய்த மூலைமட்டம் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அது சாண் நீளப் பலகை, சுவர் எழும்பியபின் செங்கல்லைச் சரிபார்க்கத்தான் ஆகும். வெறுந்தரையில் மூலை வைப்பதற்கு அவர் ஒரு கயிறு வைத்திருந்தார். தன் கையால் முழம் போட்டு முழத்துக்கு ஒரு முடிச்சு இட்ட கயிறு. ஒரு முளை அடித்து, அதிலிருந்து ஒரு பக்கம் மூன்று முழமும் மற்றப் பக்கம் நான்கு முழமும் இழுத்து, அந்த இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஐந்து முழம் சரியாக நின்றால், "மூணு, நாலு, அஞ்சு, மூல நேரு" என்று பாட்டு மாதிரிச் சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்புவார். துப்பியதைப் பார்க்காமல் அந்தப் பாட்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மாதா கோயில் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. கொஞ்ச காலம் அதில் கதவோரம் உட்கார்ந்து படித்தேன். அங்கே கிடைத்த உடைசல் சிலேட்டு ஒன்று என்னிடம் இருந்தது. மேஸ்திரி செய்வதைப் பார்த்து, நானும் ஒரு சணல் கயிற்றில் என் கையால் முழம் போட்டு முடிச்சிட்டு, குழிக்கரை மணலில் குச்சிகளை ஊன்றி மூன்று, நான்கு, ஐந்து வைத்தேன். வைத்த மூலையில் சிலேட்டைக் கொண்டுபோய்ச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். மேஸ்திரியின் கை எங்கே, என் சுண்டைக்காய்க் கை எங்கே! பிறகு முழத்தை விட்டுச் சாணால் வைத்துப் பார்த்தேன். அதிலும் சிலேட்டு உட்கார்ந்தது. குறுக்குக் கயிற்றை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்தால் மூலை இறுகிச் சிலேட்டு உள்ளே போகவில்லை; கொஞ்சம் கூட்டினால் மூலை வாயைப் பிளந்து சிலேட்டுக்குப் பக்கத்தில் சந்து விழுந்தது. கை பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டே இல்லை, மூன்று பக்கத்தையும் ஒரே கை அளந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கியது. இதை அம்மாவிடம் சொன்னேன். "சோறு வடிக்க அது ஒதவுமா?" என்றாள்.

அந்த வருஷத்து மழையில் எங்கள் சந்தின் பழைய கக்கூஸ் வரிசை ஒன்று குழிப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. விழுந்த இடத்தில் என்னென்ன கிடந்தது என்று எழுதப் போவதில்லை. அதை அள்ளியவர் அப்பா என்று மட்டும் சொல்கிறேன். அதே இடத்தில் புது வரிசை கட்ட மேஸ்திரி ஆட்களோடு வந்தார். முன்பக்கம் மேட்டில் இருந்ததால் அவர் நின்று முளையடித்துத் தன் கயிற்றால் நான்கு முழம் அளந்து இரண்டாவது முளையும் அடித்துவிட்டார். மூன்றாவது முனைதான் தகராறு. அது பின்சந்துக்குள் விழுந்தது. அங்கே கணுக்கால் அளவுக்குச் சேறு, சேறு என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். மேஸ்திரியும் இறங்கவில்லை, அவர் ஆட்களும் இறங்கவில்லை.

"எங்கடா அந்த முனியன்? கூப்புடு" என்றார்.

அப்பா வந்து இறங்கி நின்றார். கயிற்றை எடுத்து எறியப்போன மேஸ்திரியின் கை பாதியில் நின்றது. அந்தக் கயிறு கோயில் மதிலுக்கும் போகிற கயிறு. அப்பா தொட்டுவிட்டால் அதைப் பிறகு எப்படிச் சாமி காரியத்துக்கு எடுப்பது?

"ஒங்கிட்டக் கயிறு இருக்கா?"

"வாளி கட்டுற கயிறு இருக்குங்க."

"அதுல முழம் போட்டு முடிச்சிப் போடு. இந்த முளையில இருந்து மூணு. அந்த முளையில இருந்து அஞ்சு. ரெண்டும் எங்க சேருதோ அங்க முளைய அடி. அவ்வளவுதான், மூள வேணாம்."

அப்பா குட்டையானவர். தன் கையால் முழம் போட்டு முடிச்சிட்டார். கயிற்றை முளைகளில் கட்ட அவர் மேலே ஏறியபோது எல்லாரும் விலகி நின்றார்கள். அளந்து, மூன்றாவது முளையை அவர் அடித்து முடித்ததும், அவர் தொட்ட இரண்டு முளைகளிலும் ஒரு ஆள் தண்ணீர் தெளித்தான். கட்டப்போவது என்ன? கக்கூஸ். அதன் முளைக்குத் தீட்டுக் கழித்தார்கள். நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்ச் சந்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பிறகு சோற்றைக் கையால் மூடிக்கொண்டேன். சேற்றின் நாற்றத்துக்கு நான் பழகியிருந்தேன்; இது வேறு.

அப்பா அடித்த முளையின் திசையில் ஒரு பக்கச் சுவரும், அதற்கு இணையாக மறுபக்கச் சுவரும் எழும்பின. நாலுபக்கச் சுவர் முடிந்து உள்தடுப்பு வைக்கும் முன்பே மழைக்குப் பயந்து கூரையைப் போடச் சொன்னார்கள். சீனத் தச்சர்கள் தரையிலேயே சட்டம் பூட்டித் தயாராக வைத்திருந்த கூரையைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார்கள். முன்பக்கம் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கம் ஒரு கோடியில் சட்டம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, மறுகோடியில் சுவரின் மூலை கூரைக்கு வெளியே மொட்டையாக வானத்தைப் பார்த்தது. தச்சர்களில் மூத்தவர் தன் சட்டத்தை அளந்து பார்த்தார், சுவரைக் கண்ணால் பார்த்தார், பிறகு மேஸ்திரியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஓவர்சியர் வந்தார். படித்தவர், இங்கிலீஷ்காரத் துரைகளோடு நேருக்கு நேர் பேசுகிறவர். ஒரு கையில் குடை, மறுகையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை.

"என்ன மேஸ்திரி, இது கக்கூஸா, கொடுக்காப்புளியா? இப்பிடிச் சுருண்டு கெடக்கு?"

"நான் என்னங்கய்யா பண்றது? எம் பக்கம் எல்லாம் சுத்தம். பின்பக்கம் புடிச்சது இந்த வாளிக்காரன். கை குட்டை. போதாததுக்குக் கள்ளு வேற."

அப்பா கள் குடிப்பார். அந்த வேலையைக் குடிக்காமல் செய்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. அவர் இடுப்பை வளைத்துக்கொண்டு நின்று, "நீங்க சொன்ன மாதிரித்தானுங்களே அளந்தேன்" என்றார்.

"வாய மூடு," என்றார் ஓவர்சியர். கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "மேஸ்திரி, இவன மாத்திடு. வேற ஆள வை. அறையக் காலி பண்ணச் சொல்லு."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். அம்மா அப்போது நிறைமாதம். லைனின் கதவுகளில் நின்ற பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். அப்பா வளைந்த இடுப்பு நிமிராமல், ஏதோ எதிர்பார்த்ததுதான் வந்தது என்பதுபோல நின்றார். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவில்லை. மேஸ்திரியின் கயிறு மணல் குவியலின் மேல் சுருட்டிக் கிடந்தது. நான் போய் அதை எடுத்தேன்.

"ஏய், போடுடீ கீழ!" என்று மேஸ்திரி அலறினார். பாம்பைத் தொட்டிருந்தால்கூட யாரும் அப்படி அலறியிருக்க மாட்டார்கள். அடிக்க ஓடி வந்தவர் கையெட்டும் தூரத்தில் நின்றுவிட்டார். அடித்தால் என்னைத் தொட வேண்டும்! அவருடைய அருவருப்பே அன்றைக்கு எனக்குக் காவலாக இருந்தது.

நான் சுவர்களுக்கு உள்ளே போய், மூலையிலிருந்து பக்கச் சுவரோடு மூன்று முடிச்சு அளந்து ஒரு செங்கல் துண்டை வைத்தேன். முன்சுவரோடு நான்கு முடிச்சு அளந்து இன்னொன்றை வைத்தேன். இரண்டுக்கும் குறுக்கே ஐந்து முடிச்சைப் பிடித்தேன். கயிறு விறைக்கவில்லை; தொய்ந்து தரையைத் தொட்டது. இழுத்துப் பிடித்தால் நாலு விரல் மிச்சம்.

"அஞ்சு இல்ல, ஐயா," என்றேன். "அஞ்சுக்குக் கொறையுது. அதான் மூல இறுகிப் போச்சி."

"அதத்தாண்டி நானும் சொல்றேன், ஒங்கப்பன் கை குட்டைன்னு," என்றார் மேஸ்திரி.

"குட்டையா இருந்தா என்ன? மூணையும் குட்டைக் கையிலயே அளந்தா மூல நேரா வரும். எங் கையி அதவிடக் குட்டை, எனக்கே வருது. இங்க ரெண்டு கை அளந்திருக்கு. முன்னால நாலு ஒங்க கயிறு. சைடுல மூணும் குறுக்க அஞ்சும் எங்கப்பா கயிறு."

சொல்லிக்கொண்டே அப்பாவின் வாளிக் கயிற்றையும் எடுத்து மேஸ்திரியின் கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் நீட்டினேன். நான்காவது முடிச்சு இரண்டிலும் ஒரே இடத்தில் விழவில்லை. ஓவர்சியர் குனிந்து பார்த்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. அவருக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது என்பதை முகத்தில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்தது ஞாபகம் வந்தவர் மாதிரி உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு சிரித்தார்.

"சரியாச் சொல்லுது குட்டி. ஏன்யா மேஸ்திரி, ஒரு மூலைக்கு எதுக்குய்யா ரெண்டு கயிறு?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். அவர் ஆட்கள் குழியில் புரளும் பன்றிகளைப் பார்த்தார்கள். சீனத் தச்சர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்ட ஓவர்சியருக்கும் கேட்டு முடித்த பிறகுதான் பதில் தெரிந்தது. தெரிந்ததும் அவர் சிரிப்பு நின்றது. வீட்டில் அவர் தண்ணீர்ப் பானையை நாங்கள் தொட முடியுமா? அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை அவர் கேட்கவில்லை.

கைக்குட்டை மறுபடி மூக்குக்கு ஏறியது. "சரி, சரி. இடிச்சிக் கட்ட இப்ப நேரமில்ல. மொட்டையா இருக்கிற எடத்துல ஒரு தகரத்த வச்சி அடி. உள்ள ஒக்கார்றவன் மூலையவா பாத்துக்கிட்டு இருக்கப் போறான்?"

மேஸ்திரியின் ஆட்கள் சிரித்தார்கள். தங்கள் மேஸ்திரி தப்பித்தார் என்ற சிரிப்பு.

"அப்ப இவனுங்கய்யா?" என்று மேஸ்திரி அப்பாவைக் காட்டினார்.

"இருக்கட்டும். இந்தக் கோணல்ல வாளி இழுக்க வேற எவன் வருவான்?"

அப்படித்தான் எங்கள் அறை எங்களுக்குத் தங்கியது. நியாயம் தெரிந்து அப்பாவை வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேஸ்திரி கடைசியாக என்னைப் பார்த்து, "அந்தக் கயித்த நீயே எடுத்துட்டுப் போய்த் தொலை" என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் பல ஊர்களில், பல முகங்களில் பிறகு பார்த்திருக்கிறேன். தப்பு செய்தவன் வெட்கப்படுவான் என்று சொல்வார்களே, நான் பார்த்தவரை அப்படி இல்லை. தப்பை எடுத்துக் காட்டியவள் தன் கயிற்றைத் தொட்டுவிட்டாள் என்பதுதான் அவன் மனத்தில் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அடிக்கவில்லை. கயிற்றை வாங்கி, ஒரு முழத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். "நெசமாவே கை நீளந்தான் பாவி" என்று வியப்போடு சொன்னார். அம்மாதான் கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வாளியில் பினாயில் ஊற்றி, அதில் கயிற்றை முக்கி, கல்லில் வைத்துத் தேய்த்தாள். அலசி மறுபடி முக்கினாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"அந்த ஆளு கை பட்ட கயிறு. எம் புள்ள படுக்கிற தூளிக்கு அப்பிடியே கட்டுவேனா? எச்சி தொடச்ச கையி."

தம்பி அந்தக் கயிற்றில் கட்டிய தூளியில்தான் வளர்ந்தான். பினாயில் வாடை கடைசிவரை போகவில்லை.

புது வரிசையின் ஏழு அறைகளிலும் உள்தடுப்புகளைக் கோணலான பக்கச் சுவருக்கு இணையாகவே எழுப்பினார்கள். மூலையின் கோணல் இப்படி ஏழு பொந்துகளுக்கும் பங்கு போனது. தச்சர்கள் செய்த வாளிச் சட்டம் நேர் சதுரம்; பொந்து சாய்வு. வாளியை நேராக இழுத்தால் தடுப்பில் இடிக்கும், திருப்பி இழுத்தால் தளும்பும். தளும்பினால் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. தினமும் அப்பாவின் வலக்கை மணிக்கட்டு அதே செங்கல் விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தது. புண் ஆறுவதற்குள் அடுத்த விடியல் வந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் கை வீங்கிக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். விரல் இல்லாதவன் வாளி தூக்க முடியாது என்று வேலையை எடுத்தார்கள். வேலையோடு அறையும் போனது. அன்றைக்கு நான் கயிற்றைத் தொட்டுக் காப்பாற்றிய அறையை அந்த மூலை பொறுமையாக உட்கார்ந்து திரும்ப வாங்கிக்கொண்டது.

அதன் பிறகு எங்கெங்கோ போனேன். கிள்ளானில் கப்பல்காரர்களுக்குச் சோறு பொங்கினேன், ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயாவாக இருந்தேன், அதையும் விட்டு வடக்கே போனேன். ஒரு இடத்தில் நிலைக்க எனக்கு வரவில்லை. கிள்ளானில் ஒரு சர்வேயர் வீட்டில் பிள்ளை பார்த்தபோது, அவர்களுடைய மூத்த பையன் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு, இரண்டையும் கூட்டினால் இருபத்தைந்து, அது ஐந்தை ஐந்தால் பெருக்கியது. இப்படி ஒத்துப்போனால் அந்த முக்கோணத்தில் ஒரு மூலை நேர் மூலை, ஒத்துப்போகாவிட்டால் இல்லை. ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்றாலும் சரியாம். வெறும் நீளத்தை வைத்தே மூலையைச் சொல்லிவிடலாமாம். "எல்லா அளவும் ஒரே அளவுகோலில் இருக்கணும்" என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று பையனிடம் கேட்டேன். "அது யாருக்குத்தான் தெரியாது?" என்றான்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். சூளைக் குழிகளை மூடிவிட்டார்கள். அவற்றின் மேல் கடைகள் நிற்கின்றன. லைன் இல்லை. பன்றிகள் இல்லை. அந்தத் தெருவில் வாளி இல்லை, தண்ணீர் ஊற்றினால் போகிற கக்கூஸ் வந்துவிட்டது. பின்சந்து மட்டும் பாதி இருக்கிறது. அதில் ஒரு பூக்கடை. கடையின் பின்சுவரும் பக்கச் சுவரும் பழைய செங்கல். சேர்கிற மூலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூலையில் சாமி படம் மாட்டி, மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

"நல்ல ராசியான மூலைக்கா இது," என்றார் பூக்காரர், நடுவயதுக்காரர், நான் பார்ப்பதைப் பார்த்து. "உள்வாங்கி இருக்கு பாத்தீங்களா? வந்த லச்சுமி வெளிய போவாதுன்னு ஐயரே சொல்லிட்டாரு லா."

"பூ கட்டுற நாரு கொஞ்சம் குடுங்க தம்பி. முழம் போட்டுக் குடுங்க. ஒங்க கையிலயே."

அவர் சிரித்துக்கொண்டே தன் கையால் அளந்து முடிச்சிட்டுக் கொடுத்தார். மூன்று, நான்கு. குறுக்கே ஐந்து பிடித்தேன். நார் தொய்ந்தது. அதே நாலு விரல்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"இது கக்கூஸ் சுவரு, தம்பி. எங்கப்பா வாளி எடுத்த கக்கூஸ். இந்த மூலைக்கு முளை அடிச்சவரும் அவருதான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. சாமி படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த நாரைப் பார்த்தார். நான் நாரைச் சுருட்டித் திருப்பி நீட்டினேன். அவர் கை எழுந்தது; பாதியில் நின்றது.

"பரவால்லக்கா, நீங்களே வச்சிக்கிங்க" என்றார்.